எது காடு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் புதிய நகரத்துக்குமாக 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு ஒதுக்கப்பட்டிருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் பல விதமாகக் கேட்கின்றன: வெட்டிய காட்டுக்கு நட்ட மரம் ஈடாகுமா? அந்தக் கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்றுகள் நடுவதாகச் சொல்கிறார்கள். ஒன்றுக்குப் பத்து என்றால் காற்றுக்கு லாபம்தானே?
– கல்லூரி மாணவர், மதுரை

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மரத்திலுள்ள ஈரத்தை நீக்கிவிட்டால் எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். அது எரிந்தாலும் மட்கினாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது; ஒரு டன் கரிமத்திலிருந்து 3.67 டன் கரியமில வாயு உண்டாகும். இரு கைகளாலும் கட்டிப்பிடித்தால் விரல்கள் எளிதில் தொட்டுக்கொள்ளும் பருமனுள்ள ஒரு வேப்பமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் காய்ந்த எடை ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், அது தன் உடலில் பிடித்து வைத்திருப்பது 1.8 டன் கரியமில வாயு. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு ஒன்று ஆண்டுக்கு 2,400 யூனிட்டுக்காக 1.7 டன் வாயுவுக்குக் காரணமாகிறது. அதாவது, அந்த வேம்பு இருபது முப்பது ஆண்டுகள் நின்று சேர்த்தது, ஒரே ஒரு வீட்டின் ஓராண்டு மின்சாரத்துக்குத்தான் ஈடாகிறது.

இப்போது கன்றுகளுக்கு வருவோம். நட்ட அன்று ஒரு கன்றின் காய்ந்த எடை கால் கிலோகூட இராது. பத்தும் சேர்ந்தால் இரண்டரைக் கிலோ. வெட்டப்பட்ட மரத்தில் கதவாகவும் நிலையாகவும் மாறிய பகுதி சில காலம் கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் வேரும் கிளையும் இலையும் அடுப்புக்கோ கரையானுக்கோ போய், சில ஆண்டுகளிலேயே காற்றில் கலந்துவிடும். கன்றுகள் அதைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால், அத்தனையும் கோடையைத் தாண்டி, ஆட்டு வாயிலிருந்து தப்பி, முப்பது ஆண்டுகள் நிற்க வேண்டும். நமக்கு இல்லாதது அந்த முப்பது ஆண்டுகள்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த வேண்டுமானால், 2019-இல் இருந்த உலக உமிழ்வு 2030-க்குள் 43 விழுக்காடு குறைய வேண்டும் என்று பன்னாட்டு அறிவியல் குழு கணித்திருக்கிறது. 2055-இல் வளர்ந்து நிற்கப்போகும் மரத்தை 2030-இன் கணக்கில் வரவு வைக்க முடியாது.

கன்று நடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. நிழலுக்காக நடுங்கள், பறவைக்காக நடுங்கள், நிலத்தடி நீருக்காக நடுங்கள். வெட்டியதற்குப் பரிகாரமாக அதைக் காட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிக்கோபாரில் வெட்டிவிட்டு ஹரியானாவில் மரம் நடுவதாகச் செய்தியில் படித்தேன். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– போர்ட் பிளேரில் வாழும் தமிழ் வாசகர்

இடம் உண்டு என்பதுதான் வேதனை. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது ஈடாக வேறு நிலத்தில் காடு வளர்க்க வேண்டும் என்பது விதி. அதற்காக வசூலாகும் பணத்தை நிர்வகிக்க 2016-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஏற்கெனவே காடு மிகுந்திருக்கும் மாநிலமும் ஒன்றியப் பகுதியும் அந்த ஈட்டை வேறு மாநிலத்தில் செய்துகொள்ளலாம் என்றும் விதி இடம் தருகிறது. அதன்படியே 2022 அக்டோபரில் கிடைத்த முதற்கட்ட ஒப்புதலில் ஹரியானா இடம்பெற்றது. ஏறத்தாழ 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படலாம் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஒரு தீவின் காட்டுக்கு, வடக்கே வறண்ட நிலத்தில் நடும் கன்று ஈடு என்று எழுத வேண்டுமானால், காட்டிலுள்ள மற்ற எல்லாவற்றையும் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு மரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் காட்டிலேயே வாழும் சோம்பேன் பழங்குடி மக்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. கலாத்தியா விரிகுடாவின் மணலில் முட்டையிட வரும் உலகின் மிகப் பெரிய கடலாமைகளும் இல்லை. முதலில் கொடுத்த இசைவை அத்தீவின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

இந்தியாவில் காட்டுப் பரப்பு கூடுகிறது என்று அரசு அறிக்கை சொல்கிறது. காடு அழிகிறது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பொள்ளாச்சி

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். உங்கள் ஊரே அதற்குச் சான்று. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டுப் பரப்பைக் கணக்கிடுகிறது. ஒரு எக்டருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தழைக்கூரை பத்து விழுக்காடு மூடியிருந்தால், அது யாருடைய நிலமாக இருந்தாலும், எந்த மரமாக இருந்தாலும், அந்தக் கணக்கில் காட்டுப் பரப்புதான். பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பும் அதில் சேரும். கன்னியாகுமரியின் ரப்பர்த் தோட்டமும் சேரும். அறிக்கை இதை மறைக்கவில்லை, இலக்கணத்தை முன்பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தலைப்புச் செய்தியில்தான் அது காணாமல் போகிறது.

2024 டிசம்பரில் வெளியான அறிக்கையின்படி நாட்டின் பரப்பில் காடும் மரங்களும் சேர்ந்து 25.17 விழுக்காடு, காட்டுக்கு வெளியே உள்ள மரங்களை நீக்கினால் காடு மட்டும் 21.76 விழுக்காடு. ஆனைமலைச் சரிவில் ஒரு சோலை போய், சமவெளியில் அதே அளவு தோப்பு முளைத்தால், இந்த எண் அசையாமல் நிற்கும். பருவநிலை ஒப்பந்தத்தின் கீழ் நம் நாடு கொடுத்துள்ள வாக்குறுதியும் இதே அளவுகோலின் மேல்தான் நிற்கிறது: கூடுதல் காடு, மரங்கள் வழியாக 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உள்ளிழுக்கும் திறனை உண்டாக்குவதாகச் சொல்லியிருக்கிறோம். இயற்கைக் காட்டையும் தோப்பையும் தனித்தனிப் பத்தியில் எழுதினாலே போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதைக் கேட்பதற்கு அறிவியலாளராக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் தொடங்கிய ஒரு வழக்குதான் நாடு முழுவதும் காட்டைக் காத்தது என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகும் அப்படிச் சொல்லலாமா?
– பள்ளி ஆசிரியை, கூடலூர்

சொல்லுங்கள்; முழுக் கதையையும் சொல்லுங்கள். கேரளத்தின் நிலம்பூர்க் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, ஒரு காலத்தில் தம் குடும்பத்தின் உடைமையாக இருந்து பின்னர் அரசின் கைக்குப் போன கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு, 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீலகிரியின் ஒரு மூலையைப் பற்றிய அந்த மனுவை நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காடுகளுக்கும் உரிய வழக்காக விரித்துக்கொண்டது. 1980-ஆம் ஆண்டின் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஆனால் காடு எது என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று மாநிலங்கள் நடந்துகொண்டன. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அகராதியில் காடு என்ற சொல்லுக்கு உள்ள பொருளே சட்டத்திலும் பொருள் என்றது; உரிமையாளர் யார், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றது. நீலகிரியின் தேயிலை, காப்பித் தோட்டங்களில் தானாக முளைத்து வளர்ந்த மரத்தை நிழல் மரம் என்ற பெயரில் வெட்டுவதையும், தோட்டங்கள் காட்டுக்குள் மேலும் விரிவதையும் அதே ஆணை தடுத்தது.

மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு வழி உண்டு. பள்ளிக்குப் பின்னால் தனியார் நிலத்தில், யாரும் நடாமல் வளர்ந்த ஒரு மரக்கூட்டத்தைக் காட்டுங்கள். வருவாய்ப் பதிவேட்டில் அது தரிசு என்று இருக்கலாம். 1996-க்கு முன் அதை வெட்ட தில்லியைக் கேட்க வேண்டியதில்லை என்றே அதிகாரிகள் கருதினர்; அதற்குப் பின் கேட்டாக வேண்டும்.

2023 திருத்தம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்னரோ அரசுப் பதிவேட்டில் காடு என்று பதிவான நிலமும் மட்டுமே சட்டத்தின் கீழ் வரும் என்றது. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்புத் தொடர்பான, சாலை, ரயில் பாதை போன்ற நெடுந்திட்டங்களுக்கும் விலக்கு அளித்தது. எல்லைப் பாதுகாப்பின் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 100 கிலோமீட்டர் என்றால் வடகிழக்கின் பல மலைகள் முழுமையாக அதற்குள் அடங்கிவிடும். திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர்களில் ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகளும் இருந்தார்கள். 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையாக, மாநிலங்கள் 1996-ஆம் ஆண்டின் பொருளையே தொடர வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில், ஈடான நிலம் தராமல் காட்டுப் பரப்பைக் குறைக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே, இறுதித் தீர்ப்பு வரும்வரை கூடலூரில் பிறந்த அந்த வரையறைதான் செல்லும். 1996 ஆணையிலேயே, தம் எல்லைக்குள் காடாகக் கருத வேண்டிய நிலங்களை அடையாளம் காண ஒவ்வொரு மாநிலமும் வல்லுநர் குழு அமைக்க வேண்டும் என்றும் இருந்தது. பல மாநிலங்கள் அந்த வேலையை அரைகுறையாக விட்டதால்தான், பதிவேட்டை மட்டும் நம்பும் எந்தத் திருத்தமும் இன்று இவ்வளவு ஆபத்தாகிறது.

ஊட்டிப் பக்கம் வனத்துறையே சீகை மரங்களையும் தைல மரங்களையும் வெட்டுகிறது. மரம் வெட்டுவது தவறென்று எழுதும் நீங்கள் இதை ஏன் கேட்பதில்லை?
– வாசகி, குன்னூர்

நியாயமான கேள்வி, காட்டை மரத்தின் எண்ணிக்கையாகப் பார்த்தால் இந்த முரண் தீராது. நீலகிரியின் உச்சிகளில் இயற்கையாக இருந்தது புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கி நின்ற சோலைக்காடும். புல்வெளியைத் தரிசு என்று எண்ணிய ஆங்கில ஆட்சி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் தைல மரத்தையும் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின் தொழிற்சாலைகளின் தேவைக்காக நாமும் அதைப் பெருமளவில் தொடர்ந்தோம்.

அவலாஞ்சிப் பக்கம், சீகைத் தோப்பும் பழைய புல்வெளியும் ஒட்டி நிற்கும் ஓரிடத்தில், மழை ஓய்ந்து சில நாட்கள் கழித்து நின்றிருக்கிறேன். சீகையின் அடியில் காய்ந்த சருகு, அதற்குக் கீழே காலணியில் ஒட்டாத உலர்ந்த மண். பத்தடி தள்ளிப் புல்லின் வேரை விலக்கிப் பார்த்தால் கரேலென்ற மண், கையில் எடுத்துப் பிழிந்தால் பஞ்சைப் போல ஈரம் விட்டது. அந்தக் கருமை முழுவதும் கரிமம். புல்வெளி தன் செல்வத்தைத் தரைக்குக் கீழே வைக்கிறது. காட்டுத் தீ மேலே ஓடினாலும் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சீகையை அகற்றும்போது கொஞ்சம் வாயு வெளியேறுவது உண்மை. அதற்கு ஈடாக ஓடைகளும், அந்த மண்ணும், அதிலேயே வாழும் உயிர்களும் மீள்கின்றன. அயல் தாவரங்களை அகற்றவும் இயற்கை வாழிடங்களை மீட்கவும் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டியதோடு நின்றுவிடாமல் இருக்கிறார்களா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்காவிட்டால் தோப்பு முன்னிலும் அடர்த்தியாகத் திரும்பி வரும்.

அமேசான் காட்டை எந்த அரசாலும் காப்பாற்ற முடியாது போலிருக்கிறதே. சட்டம் போட்டு என்ன பயன்?
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

இந்தச் சோர்வு எனக்கும் வருவதுண்டு. அப்போதெல்லாம் பிரேசிலின் எண்களையே எடுத்துப் பார்ப்பேன். 2004-இல் அங்கே அமேசானில் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே ஆண்டில். 2012-இல் அது 4,571. எட்டே ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது.

இது தானாக நடக்கவில்லை. மரீனா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது 2004-இல் தொடங்கிய செயல்திட்டம் பல துறைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக, காடு வெட்டப்படும்போதே எச்சரிக்கை அனுப்பியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் அந்த இடத்துக்கே போனார்கள். அதிகமாகக் காடழிக்கும் நகராட்சிகளின் பட்டியல் பகிரங்கமாக வெளியானது. சட்டப்படி நடப்பதற்குச் சான்று காட்டாத பண்ணைகளுக்கு 2008 முதல் வேளாண் கடன் நிறுத்தப்பட்டது. புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெருவணிகர்கள் 2006-இல் ஒப்புக்கொண்டார்கள். இவற்றில் கடன் மறுப்பைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். அபராதத்தைக் கட்டாமல் வழக்கில் இழுத்தடிக்கலாம், விதைப்புக்குக் கடன் இல்லாமல் ஒரு பருவத்தைக்கூடத் தாண்ட முடியாது.

பிறகு அதே அரசு எந்திரம் கைவிட்டபோது என்ன ஆனது என்பதையும் பார்த்தோம். அதிபர் போல்சனாரோ ஆட்சியில், காடழிப்பு எண்களை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் 2019-இல் பதவி நீக்கப்பட்டார்; 2021-இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. ஆட்சி மாறி, மரீனா சில்வா மீண்டும் அமைச்சரான பின், 2024-இல் 6,300 அளவுக்கு இறங்கியது. சட்டப் புத்தகத்தில் பெரிய மாற்றம் இல்லாமலே எண் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. நடைமுறைப்படுத்தும் ஆளும் மனமும் மாறியதே காரணம். ஆனால் காலம் குறைவு: அமேசானின் தென்கிழக்குப் பகுதி, உள்ளிழுக்கும் கரிமத்தைவிட வெளிவிடுவது அதிகமாகிவிட்டது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நெல் வயலும் வாயு விடுகிறது என்று எங்களையும் குற்றவாளி ஆக்குகிறார்களே?
– விவசாயி, மன்னார்குடி

குற்றவாளி என்று யாரும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். வயலில் தண்ணீர் கட்டிக்கிடக்கும்போது மண்ணில் காற்று இல்லாமல் போய், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் என்றாலும், காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவே நிற்கும். வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சும், உங்கள் பாட்டன் காலத்துக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையிலேயே மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். மடைநீர் எப்போது வரும் என்பது உறுதியாக இருந்தால்தான் விவசாயி துணிந்து வயலைக் காயவிடுவார். ஆகவே அரசு முதலில் செய்ய வேண்டியது முறைப்பாசனத்தைச் சீராக்குவது. இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி கரியமில வாயு உமிழ்வு இரண்டு டன் அளவு, அமெரிக்கர் ஒருவருடையது பதினான்கு டன் அளவு என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் பகுதியில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். காட்டு நிலமும் அதில் அடங்குகிறது. நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– ஊராட்சி உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாட்கள் அவகாசம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அந்த நாட்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரைவு அறிக்கை வைக்கப்பட்டிருக்கும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். சுருக்கத்தோடு நிற்காதீர்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போய், மூல அறிக்கையில் நிலத்தின் புல எண்களையும் மரங்களின் பட்டியலையும் பாருங்கள். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், புதர்க்காடு என்று அறிக்கை சொன்ன இடத்தில் நூற்றுக்கணக்கான உசிலை மரங்கள் நின்றதை ஓர் ஆடு மேய்ப்பவர்தான் எழுந்து சொன்னார். அவர் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால் அதை யாராலும் நீக்கவும் முடியவில்லை.

ஈடாக நடப்போகும் நிலம் எது, அதன் புல எண் என்ன, அங்கே இப்போது யார் மேய்க்கிறார்கள், என்ன மரம், ஐந்தாம் ஆண்டு எத்தனை உயிரோடு இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறது: இவற்றை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். காட்டை நம்பி வாழும் குடும்பங்கள் இருந்தால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்கள் உரிமை முதலில் தீர்க்கப்பட்டதா என்று கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்ததால்தான் அந்த மலையில் பாக்சைட் சுரங்கம் வரவில்லை. எல்லாவற்றையும் மீறி ஒப்புதல் வழங்கப்பட்டால், 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நாள் கணக்கு முக்கியம் என்பதால், ஒப்புதல் ஆணையின் தேதியை யாராவது ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.